புலியூரிலிருந்து புலியூருக்கு

கடலூர் என்று இன்று ஒரே பெயரால் வழங்கும் நகரத்தில் பிரதானமான புகைவண்டி நிலையங்கள் இரண்டு. ஒன்று முதுநகரில், துறைமுகத்தை அடுத்து இருப்பது. மற்றொன்று திருப்பாதிரிப்புலியூரில் இருப்பது. சிதம்பரத்துக்குப் போகிறவர்கள் எதில் ஏறினாலும் ஒன்றுதான் என்றாலும், என் தகப்பனார் திருப்பாதிரிப்புலியூரில்தான் ஏறுவார். தேவாரப் பண்ணிசையில் ஈடுபாடுடைய சிலர் மாதத்தில் ஒருநாள் இரவு சிதம்பரத்தில் ஓர் அன்பர் வீட்டில் கூடிப் பாடுவதும், பாடக் கேட்பதும், கேட்டதைப் பற்றி உரையாடுவதும் நெடுநாளைய வழக்கம். அந்தக் கூட்டத்துக்குப் புறப்படும் சாயங்காலத்தில் பாடலீசுவரரைத் தரிசித்த பிறகே வண்டி ஏறவேண்டும் என்பது அவர் தமக்கென்று வைத்துக்கொண்ட நியமம். இம்முறை அவரோடு போகும் பாக்கியம் எனக்கும் கிடைத்தது.

பாதிரி மரத்தைத் தலவிருட்சமாகக் கொண்டது பற்றியும், புலிக்கால் முனிவராகிய வியாக்கிரபாதர் வழிபட்டது பற்றியும் இவ்வூருக்குத் திருப்பாதிரிப்புலியூர் என்று பெயர் வந்ததாகப் புராணம் சொல்லும். ஆனால் சைவத் தலமாக நாம் வணங்கும் இதே ஊர், ஒரு காலத்தில் சமணர்களின் பெரிய கல்விப் பீடமாகவும் விளங்கியது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. உலகத்தின் அமைப்பைக் கூறும் லோகவிபாகம் என்ற சமண நூல், காஞ்சியில் பல்லவன் சிம்மவர்மன் ஆண்ட 22-ஆம் ஆண்டில், சகம் 380-இல், அதாவது கி.பி. 458-இல், பாடலிகை என்னும் ஊரில் எழுதி முடிக்கப்பட்டதாக அந்நூலே குறிப்பிடுகிறது. அந்தப் பாடலிகை இந்தப் பாதிரிப்புலியூர்தான் என்பது சரித்திர ஆசிரியர்களின் துணிபு. இருநூறு ஆண்டுக்குள், பின்னாளில் அப்பர் என்று போற்றப்பட்ட, திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் இங்கே வந்து சேர்ந்து, சமண நூல்களைத் துறைபோகக் கற்று, தருமசேனர் என்ற பெயரோடு அவர்களுக்குத் தலைவராகவும் உயர்ந்தார். பின்னர்ச் சூலை நோயால் வருந்தித் தமக்கையார் திலகவதியாரிடம் திருவதிகைக்குத் திரும்பிச் சென்று பாடத் தொடங்கியவரும், அதற்காகப் பல்லவனால் நீற்றறையிலும் நஞ்சிலும் யானையின் முன்னும் சோதிக்கப்பட்டு, கடைசியில் கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பட்டவரும், அந்தக் கல்லே தெப்பமாக மிதக்கக் கரையேறி இதே ஊருக்கு வந்து நின்றவரும் அவரே. தாம் படித்து உயர்ந்த ஊருக்கே கடல்வழியாக அவர் மீண்டு வந்ததில் எவ்வளவு பெரிய நாடகம் இருக்கிறது! அவர் கரைசேர்ந்த இடத்தைக் கரையேறவிட்ட குப்பம் என்று ஜனங்கள் இன்றும் சொல்லுகிறார்கள். இத்தலத்து இறைவனுக்குத் தோன்றாத்துணை நாதர் என்ற திருநாமம் நிலைத்ததும் அவர் இங்கே பாடிய பதிகத்தினால்தான்.

தரிசனம் முடிந்து வெளியே வருகையில், ஞானியார் மடம் இருக்கும் திசையை நோக்கித் தகப்பனார் கைகூப்பினார். திருக்கோவலூர் ஆதீனத்தின் ஐந்தாம் பட்டத்தில் எழுந்தருளியிருந்த ஞானியாரடிகள் 1942 வரையில் இவ்வூர் மடத்திலிருந்து செய்த தமிழ்த்தொண்டு, தனியாக ஒரு நூல் எழுதத்தக்கது. பல மணிநேரம் தடையின்றிப் பொழியும் அவருடைய பிரசங்கத்தைக் கேட்க எங்கெங்கிருந்தோ புகைவண்டி ஏறி மக்கள் இந்த நிலையத்தில் வந்து இறங்கியதைத் தம் தந்தையார் சொல்லக் கேட்டிருப்பதாகத் தகப்பனார் சொன்னார். புதுமைப்பித்தன் 1906-இல் பிறந்ததும் இவ்வூரிலேதான். ஜெயகாந்தனும் கடலூரின் மைந்தரே. தமிழ் உரைநடைக்கு இந்த ஊர் செய்த உபகாரத்தை உலகம் அறியும். தமிழிசைக்குச் செய்ததோ அதைவிடத் தொன்மையானது, அறிந்தவர்கள்தாம் குறைவு.

வண்டி புறப்பட்டது. இந்தப் பாதை தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் 1870-களில் அமைத்தது. 2010-இல் மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்தபின் வேகம் கூடியிருக்கிறது. ஆயினும் மாலைநேரப் பாசஞ்சர் வண்டிக்கு உரிய நிதானம் இன்னும் முழுவதும் போய்விடவில்லை. முதுநகரில் மீன் கூடைகளோடு சில பெண்கள் ஏறினார்கள். கல்லூரி மாணவர்கள் ஒரு கூட்டமாக ஏறி வாசலருகிலேயே நின்றுகொண்டார்கள். வடகிழக்கே, தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில், ஆங்கிலேயர் 1690-இல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிய செயிண்ட் டேவிட் கோட்டை, 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலியால் தகர்க்கப்பட்டுப் போனதன் மிச்சம் கிடக்கிறது. கோட்டையோடு சேர்த்து, பீரங்கிக் குண்டு சென்று விழுந்த எல்லை வரையிலுள்ள கிராமங்களும் அவர்களுக்கே என்பது அன்றைய உடன்படிக்கை. அப்படி எடுத்த நிலம் அவர்கள் கையில் நிற்கவில்லை என்பதைத் தவிர அதைப்பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை.

ஆலப்பாக்கம் தாண்டியதும் நிலம் விரிந்துவிடுகிறது. வலப்புறம் சூரியன் இறங்கிக்கொண்டிருக்க, இடப்புறம் கண்ணுக்குப் புலப்படாமலே கடல் இருக்கிறது என்பதை ஜன்னல் வழியாக வரும் உப்புக் காற்று தெரிவித்தது. அந்தக் காற்று முகத்தில் பட்டதும் தகப்பனார் கண்களை மூடிக்கொண்டு, அப்பர் கல்லோடு மிதந்தபோது பாடிய நமச்சிவாயத் திருப்பதிகத்தை வாய்க்குள்ளேயே முனகத் தொடங்கினார். அவர் பாடகர் அல்லர். அலுவலகக் காகிதங்களோடு முப்பது வருஷத்துக்குமேல் உழன்று ஓய்வுபெற்றவர். சாரீரமும் அவருக்கு வாய்த்ததன்று. ஆனால் ஒரு பண்ணை எங்கே தொடங்கி எங்கே நிறுத்தவேண்டும் என்பது அவருக்குப் பிசகியதில்லை.

அந்தப் பதிகத்துக்குப் பண் காந்தார பஞ்சமம். இன்று ஓதுவார்கள் அதைக் கேதாரகௌளையில் பாடுகிறார்கள். தக்கேசியைக் காம்போதியாகவும், கௌசிகத்தைப் பைரவியாகவும், பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணமாகவும், மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியாகவும் பாடுவதே வழிவழியாக வரும் சம்பிரதாயம். பெயர்கள் மாறின, இடையில் எவ்வளவோ அரசுகள் வந்து போயின, பாடுவோர் குடும்பங்கள் வறுமையில் தேய்ந்தன, ஆயினும் இன்ன பதிகம் இன்ன பண்ணில்தான் என்ற வரையறை மட்டும் ஏட்டின் தலைப்பில் எழுதப்பட்டபடியே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முற்பட்ட பாடலொன்றை, அதற்குரிய பண்ணின் பெயரோடு, அன்று பாடிய ஊர்க் கோயிலிலேயே இன்றும் பாடக் கேட்கலாம் என்ற நிலை உலகத்தில் எத்தனை தேசத்தாருக்கு வாய்த்திருக்கிறது? பகலில் பாடவேண்டிய பண்கள், இரவில் பாடவேண்டியவை, எப்போதும் பாடத்தக்க பொதுப்பண்கள் என்ற பாகுபாடும் உண்டு. காந்தார பஞ்சமம் பகற்பண். ஆகையால் சூரியன் மறைவதற்குள் தகப்பனார் அதைப் பாடி முடித்துவிட்டார் போலும்.

எதிரே அமர்ந்திருந்த ஒரு மீன்காரப் பாட்டி, அவர் முனகுவதைச் சிறிது நேரம் உற்றுக் கேட்டுவிட்டு, "நல்லா பாடு ஐயா, சத்தமாத்தான் பாடேன்" என்றார். தகப்பனார் வெட்கத்தோடு சிரித்தார். பிறகு கடைசிப் பாட்டைச் சற்று உரக்கவே பாடினார்.

பரங்கிப்பேட்டையில் பாதி வண்டி காலியாயிற்று. போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் டேனியரும் ஆங்கிலேயரும் மாறி மாறி வந்திறங்கிய துறைமுகம் இது. 1781 ஜூலை முதல் தேதி, ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டும் இதனருகே பொருதார்கள். சேலத்துத் தாதுவை உருக்கி இரும்பு செய்யும் ஆலை ஒன்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே இயங்கிற்று. இப்போது கடல்வாழ் உயிரினங்களை ஆராயும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நிலையமும், மரக்காயர்களின் பழைய வீடுகளும், மீன்பிடி படகுகளுமே ஊருக்கு அடையாளம். அடுத்து வெள்ளாற்றுப் பாலம். கழிமுகத்தை நெருங்கிய ஆற்றுக்கு உரிய அகலமும் அசைவின்மையும் அந்திவேளையில் மிகவும் ரம்மியமாயிருந்தன. பாலத்தைக் கடந்தால் கிள்ளை. அதற்குக் கிழக்கே பிச்சாவரத்துச் சதுப்புக் காடு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரத்தை ஊருக்குள் தேடிப் பயனில்லை. பிச்சாவரத்துக் கழியோரங்களிலேதான் அது செழித்திருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்று செம்படவர்கள் எச்சரிப்பார்கள். அத்தகைய வனத்தின் நடுவே ஆனந்தக் கூத்தைக் கண்டவர்களின் மனோதர்மத்தை என்னவென்று சொல்வது!

சிதம்பரமும் ஒரு புலியூர்தான். பெரும்பற்றப்புலியூர் என்பது அதன் பழம்பெயர். வியாக்கிரபாதர் வழிபட்டதாகச் சொல்லப்படும் புலியூர்களில், பாதிரிப்புலியூரும் பெரும்பற்றப்புலியூரும் நீங்க, எருக்கத்தம்புலியூர் என்று ஒன்று விருத்தாசலத்துக்கு அருகே இருக்கிறது. இராசேந்திரப்பட்டினம் என்று இப்போது பெயர். திருஞானசம்பந்தரோடு தலந்தோறும் சென்று அவர் பாடல்களை யாழில் இட்டு வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர் அது. இம்மூன்று புலியூர்களையும் இணைத்துப் பார்த்தால் தேவார இசையின் சரித்திரமே அதற்குள் அடங்கிவிடும் என்று தகப்பனார் அடிக்கடி சொல்வதுண்டு. அந்தச் சரித்திரத்தின் நடுநாயகமான சம்பவம் நிகழ்ந்த இடம் சிதம்பரம்.

அப்பர், சம்பந்தர், சுந்தரர் ஆகிய மூவர் பாடிய பதிகங்கள் மறைந்துபோன ஒரு காலத்தில், அவற்றைத் தேடிய சோழ மன்னன், நம்பியாண்டார் நம்பியின் துணையோடு, பொன்னம்பலத்தின் மேற்புறத்தே பூட்டிய அறை ஒன்றில் ஏடுகள் இருப்பதை அறிந்தான். பாடிய மூவரும் நேரில் வந்தாலன்றி அறை திறவாது என்று தில்லைவாழ் அந்தணர் சொல்ல, மூவருடைய திருவுருவங்களையே எழுந்தருளச் செய்து அறையைத் திறந்தான். உள்ளே ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து எடுத்தவற்றில் எஞ்சியவையே இன்று நாம் பாடும் ஏறத்தாழ 800 பதிகங்கள். இதைச் சொல்லும் திருமுறைகண்ட புராணத்தை இயற்றிய உமாபதி சிவாசாரியார், சிதம்பரத்தை ஒட்டிய கொற்றவன்குடியில் வாழ்ந்தவர். பாடல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. ஆகவே எருக்கத்தம்புலியூருக்குச் சென்று, யாழ்ப்பாணர் மரபில் தோன்றிய ஒரு பெண்மணியைக் கண்டு, அவரைக் கொண்டு பதிகங்களுக்குப் பண் வகுக்கச் செய்தார்கள் என்று அதே புராணம் கூறுகிறது. அந்த அம்மையாரின் பெயரைப் புராணம் நமக்குத் தரவில்லை. தேவாரத்தைக் கண்டெடுத்த மன்னனுக்குத் திருமுறைகண்ட சோழன் என்ற விருது இருக்கிறது; அதற்கு நாதம் தந்தவருக்கு ஒரு சிலையேனும் சிதம்பரத்தில் இருக்கவேண்டாமா என்பது என் ஆதங்கம். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் தேவாரம் பாட 48 பிடாரர்களையும், உடுக்கைக்கும் கொட்டி மத்தளத்துக்கும் ஒவ்வொருவரையும், ஆக 50 பேரை நியமித்து, நாள்தோறும் நெல் அளக்கச் செய்ததைக் கல்வெட்டில் இன்றும் படிக்கலாம். அவர்களெல்லாம் பாடியது அந்தப் பெண்மணி அளித்த இசை மரபையே என்று எண்ணும்போது மெய்சிலிர்க்கிறது.

கூட்டம் கீழவீதிக்குச் சமீபத்தில், முன்கட்டும் ரேழியும் கூடமும் மாறாத ஒரு பழைய வீட்டில் நடந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், பூக்கடை வைத்திருப்பவர், சீர்காழியிலிருந்து வந்த ஒரு மின்சார வாரிய ஊழியர், தம் பேத்தியை அழைத்துவந்த ஓர் அம்மையார், பல்கலைக்கழகத்தில் இசை படிக்கும் இரண்டு மாணவிகள், எல்லோருக்கும் ஆசிரியராக விளங்கும் வயோதிக ஓதுவார் ஒருவர் என்று பதினைந்து பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். "வாங்கய்யா, சிவாயநம" என்று தகப்பனாரை வரவேற்ற குரல்களில் இருந்த வாஞ்சையை, உறவினர் வீட்டு விசேஷங்களில்கூட நான் அதிகம் கேட்டதில்லை. ஒருவர் உத்தியோகம் என்ன, சாதி என்ன, சம்பாத்தியம் எவ்வளவு என்பதை அங்கே ஒருவரும் விசாரிக்கவில்லை. போன மாதம் பாடிய சாதாரி எப்படி இருந்தது, வீட்டில் சாதகம் செய்ததுண்டா என்பவையே க்ஷேமலாப விசாரணைகள்.

திருச்சிற்றம்பலம் என்று எல்லோரும் ஒருமித்துச் சொல்லித் தொடங்கினார்கள். அன்றைக்கு எடுத்துக்கொண்டது குறிஞ்சிப் பண். சம்பந்தர் தில்லையைப் பாடிய பதிகங்களில் ஒன்றும், சுந்தரர் தில்லையைப் பாடிய பதிகமும் இந்தப் பண்ணிலேயே அமைந்தவை, இரவுக்கும் உரியது. ஓதுவார் முதலில் சொல் எதுவுமின்றிப் பண்ணை மட்டும் மெல்ல இழைத்துக் காட்டினார். அரிகாம்போதியின் சாயல் என்று உணரமுடிந்தது. ஆனால் கச்சேரி மேடையில் கேட்கும் விரிவோ, வேகமான பிர்க்காக்களோ இல்லை. ஒவ்வொரு ஸ்வரமும் தனக்குப் பின்னால் ஒரு சொல் வரப்போகிறது என்பதை அறிந்ததுபோல் அடக்கமாக நின்றது. பிறகு கையில் தாளத்தை எடுத்துச் சம்பந்தர் பதிகத்தைப் பாடினார். அடிகள் குறுகியவை, தாளத்தின் ஓசைக்குச் சொற்கள் துள்ளி விழுந்தன. உடனே சுந்தரர் பதிகம். பண் அதுவே, அடிகள் நீண்டவை. ஒரே பண்ணுக்குள் கட்டளை மாறுவதால் உண்டாகும் வேறுபாட்டை, 'கட்டளை' என்ற சொல்லைக்கூட உச்சரிக்காமல், வலக்கை விரல்களால் முழங்காலில் தட்டித் தட்டியே அவர் எங்களுக்கு விளங்கவைத்தார். முதலில் தட்டிய கணக்கில் இரண்டாவது பாட்டை அடக்கிப் பார்த்தார். சொற்கள் வெளியே வழிந்தன. கணக்கை மாற்றினார், வழிந்த சொற்களெல்லாம் அடங்கி இடம்பிடித்து அமர்ந்தன. அந்தச் சிறு பேத்தி தானும் முழங்காலில் தட்டத் தொடங்கியதைக் கண்டு ஓதுவார் பாடிக்கொண்டே தலையசைத்தார்.

நடுவில் ஒரு தர்க்கமும் எழுந்தது. ஒரு மாணவி பாடுகையில், பண் நீளவேண்டிய இடத்தில் ஒரு சொல் இரண்டாகப் பிரிந்து, முன்பாதி ஓர் ஆவர்த்தத்திலும் பின்பாதி அடுத்ததிலும் விழுந்தது. தமிழாசிரியர் கையை உயர்த்தி, "அம்மா, மூச்சு வாங்க வேண்டுமென்றால் சொல் முடிந்த பிறகு வாங்கு, நடுவில் வாங்கினால் பொருள் முறிந்துபோகிறதே" என்றார். அப்படிப் பிரித்துப் பாடுவது பரம்பரையாக வந்த பாடாந்தரம் என்றும், இசையின் கட்டுக்கோப்பு அதை வேண்டுகிறது என்றும் சீர்காழி அன்பர் வாதித்தார். கால்மணி நேரம் வாதம் நடந்தது. முடிவில் ஓதுவார் இரண்டு விதமாகவும் பாடிக் காட்டி, "கேட்கிறவனுக்குப் பாட்டு புரியணும், அப்பர் சாமி வித்துவானுக்காகவா பாடினார்?" என்று சொல்லி முடித்தார். எனக்கும் அதுவே சம்மதம். பண் தமிழுக்கு வாகனமாய் அமைந்ததேயன்றி, தமிழ் பண்ணுக்குச் சுமையாக ஏறியதன்று.

தில்லையில் தமிழ் பாடுவதென்பது எக்காலத்திலும் எளிதாக நடந்துவிடவில்லை. சிற்றம்பல மேடையேறித் தேவாரம் பாடும் உரிமைக்காக முதிய சிவனடியார் ஒருவர் பல ஆண்டுகள் முயன்று, அரசாணை பிறந்து, 2008 மார்ச்சில் அங்கே பாடியதை நாம் அனைவரும் அறிவோம். ஏடு கிடந்த அறைக்கு எதிரிலேயே, ஏட்டிலுள்ளதைப் பாட ஆணை வேண்டியிருந்தது என்பது நெஞ்சை வருத்துகிறது. பூசை செய்வோரின் பக்தியையும் பரம்பரை உரிமையையும் நான் மதிக்கிறேன். ஆயினும் அந்த மேடையில் தேவாரம் ஒலிப்பதால் அம்பலவாணருக்கு மகிமை கூடுமேயன்றிக் குறையாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

மறுநாள் காலையில் தகப்பனாரும் நானும் அண்ணாமலைநகர் வரை சென்றோம். பல்கலைக்கழக எல்லைக்குள்ளேயே திருவேட்களம் என்ற பாடல்பெற்ற தலம் இருக்கிறது. தில்லையின் எல்லைக்குள் தங்க அஞ்சிய சம்பந்தர், இங்கே தங்கிக்கொண்டு அம்பலவாணரைத் தரிசித்து வந்தார் என்று பெரியபுராணம் பேசுகிறது. சம்பந்தர் தங்கிய அதே மண்ணில் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்ததும், அங்கே 1941 ஆகஸ்டில் தமிழிசை மாநாடு கூடியதும் தற்செயலாக நிகழ்ந்தவையாக எனக்குத் தோன்றவில்லை. கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்குத் துக்கடாவின் ஸ்தானமே இருந்த நாளில், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று நடத்திய அம்மாநாடு தமிழ்நாட்டின் சங்கீத உலகத்தையே அசைத்துவிட்டது. சீர்காழி முத்துத்தாண்டவரும், பக்கத்துத் தில்லைவிடங்கனில் வாழ்ந்த மாரிமுத்தாப் பிள்ளையும், நந்தன் சரித்திரம் தந்த கோபாலகிருஷ்ண பாரதியும் நடராசப் பெருமான்மீது பாடிய கீர்த்தனங்கள் மேடைக்கு மீண்டது அதன் பின்னர்தான். ஓதுவார் குடும்பத்தில் பிறந்த தண்டபாணி தேசிகர் இங்கே இசைப் பேராசிரியராய் இருந்தார். இப்பல்கலைக்கழகத்தில் 1931 முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய ஈழநாட்டு விபுலாநந்த அடிகள், பழந்தமிழ் இசைக்கணக்கைத் துருவித் துருவி ஆராய்ந்து எழுதிய யாழ்நூலை 1947-இல் அரங்கேற்றிவிட்டு, அடுத்த மாதமே மறைந்தார். மட்டக்களப்பில் பிறந்த ஒருவர், யாழ்ப்பாணரின் வாத்தியத்தைத் தேடித் தம் ஆயுளையே கரைத்த கதையைத் திருவேட்களத்து மரநிழலில் தகப்பனார் சொல்லக் கேட்டேன்.

ஓதுவார்களின் எண்ணிக்கை குறைந்துவருகிறது என்று முறையிடுகிறவர்கள் பலர். கேட்கிறவர்களின் எண்ணிக்கை குறைந்ததே அதற்குக் காரணம் என்று சிதம்பரத்து அன்பர்கள் சொல்லுகிறார்கள். நானும் அதை ஒப்புகிறேன். சந்நிதியில் ஓதுவார் பாடும்போது, நாம் கற்பூர ஆரத்திக்காகக் காத்துக்கொண்டு பக்கத்திலிருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கிறோம்; பாட்டு முடிந்ததும் விபூதிக்குக் கைநீட்டுகிறோம்; பாடியவர் முகத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. இதைப் படிக்கும் அன்பர்களிடம் நான் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. உங்கள் ஊர்ச் சிவாலயத்தில் ஓதுவார் இருந்தால், ஒருநாள் சாயரட்சை வேளையில், வீட்டுக் குழந்தை ஒன்றையும் அழைத்துக்கொண்டு போய், அவர் பாடி முடிக்கும்வரை உட்கார்ந்து கேளுங்கள். முடிந்ததும் இது என்ன பண் என்று அவரைக் கேளுங்கள். அடுத்த நாள் அவர் உங்களுக்காகவும் சேர்த்துப் பாடுவார்.